டம்ளர் பிடிக்கும் கோணம்

எனக்கும் என் அக்காவுக்கும் வயதில் மூன்று வருட வித்தியாசம்தான். பேச்சில் முந்நூறு வருடம். நான் வாயைத் திறந்தால் மூட மாட்டேன். அவளோ வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கும் சேர்த்து நான்தான் பேசிவருகிறேன். கடைக்காரரிடம், டீச்சரிடம், அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டு வந்த அத்தானிடம்கூட. இரண்டு பேரில் யாரைக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று முதல் நாள் தனக்கே குழப்பமாகிவிட்டது என்பார் அத்தான்.

அக்கா ஒரு பெரிய மருத்துவமனையில் மாவுக்கட்டு அறையில் இருபத்தேழு வருடமாக வேலை பார்க்கிறாள். டாக்டர் எலும்பைப் பொருத்திவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார். கட்டுப் போடுவது அவள். மாவு தோய்த்த துணிச்சுருளை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி அடங்கும்வரை காத்திருந்து, பிழிந்து, பஞ்சு சுற்றிய கையின்மேல் சுற்றுவாள். பிறகு உள்ளங்கையால் தடவித் தடவிச் சமன் செய்வாள். விரல் நுனியால் தொடவே மாட்டாள். தொட்டால் மாவுக்கட்டில் குழி விழும், விழுந்த குழி உள்ளே சதையைக் குத்தும். கட்டுப் பிரிக்க வரும் குழந்தைகள் ரம்பத்தைப் பார்த்ததும் ஊரைக் கூட்டுவார்கள். அவள் ஒன்றும் சொல்லாமல், ஓடுகிற ரம்பத்தைத் தன் உள்ளங்கையில் வைத்துக் காட்டுவாள். சுழலாமல் அதிர மட்டும் செய்கிற ரம்பம் அது, மாவுக்கட்டைத்தான் அறுக்கும், தோலை அறுக்காது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவள் கையையே பார்க்கும். இதை ஒருமுறை நேரில் பார்த்தேன். அன்றைக்குத்தான் எனக்கு அவள்மேல் முதல்முதலாக மரியாதை வந்தது, அதை அவளிடம் சொல்லவில்லை.

நான் தையல்காரி. தெருமுனையில் கடை. எல்லாரையும் அளவாகத்தான் பார்ப்பேன், தோள் இத்தனை, இடுப்பு இத்தனை என்று. என் வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்காது. பதினோரு வயதில் இரும்புக் கேட்டில் நசுங்கிய கை. அவசரத்துக்குத் தூக்கிக்கொண்டு போன இடத்தில் ஒருவன் மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை பலகையில் நேராக நீட்டி வைத்து மாவுக்கட்டுப் போட்டுவிட்டான். ஏழு வாரம் கழித்துப் பிரித்தபோது இரண்டு விரல்கள் விறைத்தது விறைத்ததுதான். கத்தரிக்கோலை இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். அந்தக் கட்டுக்காரனை மட்டும் நாற்பது வருடமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். ஊசி கைநழுவும் ஒவ்வொரு தடவையும் அவனுக்கு ஒரு அர்ச்சனை உண்டு. புகைப்படம் எடுத்தால் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வேன்.

அக்கா சிற்பம் செய்ய ஆரம்பித்தது ஆறு வருடம் முன்னால். பிரித்தெடுத்த கட்டுகளை மருத்துவமனையில் குப்பையில்தான் போடுவார்கள். ஒருநாள் அதில் ஒன்றைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாள். யாரோ ஒரு பையன் கையின் கட்டு. வெட்டிய இடத்தைத் துணியால் சேர்த்துக் கட்டி, உள்ளே மாவைக் கரைத்து ஊற்றினாள். காய்ந்ததும் மேல் ஓட்டை உரித்தாள். உள்ளே ஒரு முன்கை இருந்தது. ஆனால் விரல்கள் இல்லை. கட்டுப் போட்டிருக்கும்போது விரல்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்குமே, அவை எப்படி அச்சில் வரும்? விரல்களை அவளேதான் செய்ய வேண்டியிருந்தது. சமையலறைக் கத்தியை வைத்துக்கொண்டு மூன்று வாரம் செதுக்கினாள். கொண்டுவந்து காட்டியபோது, "பேய்ப் படத்துல வர்ற கை மாதிரி இருக்கு, மூடி வை" என்றேன்.

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. இன்னொன்று செய்தாள். பிறகு இன்னொன்று. அச்சை விட்டுவிட்டு வெறும் மாவிலிருந்தே கட்டியெழுப்பக் கற்றுக்கொண்டாள். இங்கேயும் விரல் நுனியை விட்டுவிட்டு உள்ளங்கையால்தான் வேலை. சும்மா சொல்லக் கூடாது, இருபதாவது கை வந்தபோது என் கிண்டல் எனக்கே உறைத்தது. ஒரு கொத்தனாரின் கையைச் செய்திருந்தாள். நகத்தைச் சுற்றி வெடித்த தோல், கட்டை விரலடியில் காய்ப்பு. அந்த ஆளை நான் பார்த்ததில்லை. ஆனால் சட்டை தைக்க வந்தால் கையைப் பார்த்தே தோள் அளவைச் சொல்லிவிடுவேன் என்று தோன்றியது. குளிர்சாதனப் பெட்டிக்கு மேலே, பரணில், ஜன்னல் விளிம்பில் என்று வீடு முழுக்கக் கைகள். அத்தான் ஒன்றில் குடையை மாட்டுவார், இன்னொன்றில் சாவிக்கொத்து.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். பொறுமைசாலி. அந்தப் பொறுமையும் ஒருநாள் திடீரென்று தீர்ந்தது. குளியலறையில் தண்ணீர் போகவில்லை. குழாயைக் கழற்றினார். வளைவுக்குள் இருந்து வெள்ளையாக ஒரு துண்டு விழுந்தது. ஆறு வருடம் அக்கா வாளி கழுவிய மாவுத் தண்ணீர், உள்ளே இறுகிக் குழாயின் வடிவத்தையே எடுத்திருந்தது. மனிதர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அக்கா அந்தத் துண்டைக் கழுவி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "எவ்வளவு சுத்தமா வந்திருக்கு பாருங்க" என்றாள். அவர் அவளைப் பார்த்த பார்வைக்கு நான் மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்தேன். ஆனால் அவர் சொன்னது சிரிக்கும்படி இல்லை. இனிமேல் இந்த வீட்டில் ஒரு கைப்பிடி மாவுகூடக் கரைக்கக் கூடாது, வேறு இடம் இருந்தால் பார்த்துக்கொள் என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கீழே குடியிருப்பவர்களின் சுவரிலும் ஈரம் இறங்கியிருந்தது.

வேறு இடம் என்று ஒன்றுதான் இருந்தது. இரண்டு பேருந்து மாறிப் போனால் ஒரு பழைய அச்சகக் கட்டடம். அதில் பதினோரு கைவினைக் கலைஞர்கள் ஆளுக்கொரு அறையில் வேலை செய்கிறார்கள். ஒரு அறை காலியாகியிருந்தது. அதில் பெரிய தொட்டியும், மண்ணும் மாவும் குழாய்க்குள் போகாமல் தங்கி நிற்கத் தனியாக ஒரு குழியும் இருந்தன. அக்கா விண்ணப்பம் போட்டாள். "கிடைக்கலன்னா விட்டுடறேன்டி" என்றாள் என்னிடம். சோகமாகக்கூடச் சொல்லவில்லை, அடுப்பை அணைக்கிறேன் என்பதுபோலச் சொன்னாள். ஆறு வருடத்தில் அவள் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. அது போய்விடும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

ஐந்து கைகளை எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். நான் துணிக் கழிவுகளைச் சுற்றி அட்டைப் பெட்டியில் அடுக்கி, கடைக்கு விடுமுறை விட்டுவிட்டுக் கூடவே போனேன்.

அந்தக் கட்டடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு கதவிலும் ஒரு சின்னப் பலகை. உள்ளே இருப்பவர் இந்த வேலைக்கு எப்படி வந்தார் என்று அவரே கையால் எழுதி மாட்டியிருப்பார். கூப்பிடும்வரை தாழ்வாரத்தில் நடந்து எல்லாவற்றையும் படித்தேன். கண்ணாடிக்காரர் பதினோரு வருடம் பேருந்துகளுக்கு ஜன்னல் கண்ணாடி மாட்டியவர். உடைந்ததை அள்ளிக் கொட்டுவதும் அவர் வேலைதான். ஒருநாள் ஒரு நீலத் துண்டைக் கொட்ட மனம் வரவில்லை என்று எழுதியிருந்தார், அவ்வளவுதான். நெசவு செய்கிற பெண் தொலைபேசி இணைப்பகத்தில் கம்பிகளை இணைத்தவள். எல்லாம் இயந்திரமானதும் வேலை போயிற்று, கைகள் மட்டும் சும்மா இருக்க மாட்டேன் என்றனவாம். புத்தகம் கட்டுகிறவர் நீதிமன்றத்தில் வழக்குக் கட்டுகளைத் தைத்தவர். யாரும் திறக்காததைத் தைத்துத் தைத்து, யாராவது திறக்கிற ஒன்றைத் தைக்க ஆசை வந்தது என்று எழுதியிருந்தார். அந்தப் பலகையை இரண்டு முறை படித்தேன். எவ்வளவு பெரிய மனிதர்கள், எவ்வளவு சின்ன இடத்திலிருந்து புறப்பட்டிருக்கிறார்கள்.

தேர்வு செய்ய மூன்று பேர். கண்ணாடிக்காரர், புத்தகம் கட்டுகிறவர், மண்பாண்டம் செய்யும் ஒரு அம்மா. பெட்டியைத் தூக்கிவந்தவள் என்ற முறையில் நானும் உள்ளே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஐந்து கைகளையும் மேஜைமேல் வரிசையாக வைத்தோம். கொத்தனார் கை, ஒரு நர்ஸின் கை, ஒரு குழந்தையின் கை, பேருந்து ஓட்டுநருடையது, பக்கத்து வீட்டுக்காரருடையது. மண்பாண்டத்து அம்மா நகங்களை உற்றுப் பார்த்து, எழுந்து நின்றே பாராட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. புத்தகம் கட்டுகிறவர் மட்டும் நாற்காலியைப் பின்னால் தள்ளி, தூரத்திலிருந்து பார்த்தார்.

"தோல், நகம், நரம்பு எல்லாம் வேற வேற ஆளுங்க. ஆனா அஞ்சு கையும் ஒரே மாதிரி வச்சிருக்கே, ஏம்மா?" என்றார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். ஐந்திலும் மணிக்கட்டு ஒரே அளவு மேலே தூக்கியிருந்தது. விரல்கள் ஒரே அளவு பாதி மடங்கியிருந்தன. அக்கா குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவள் காது மடல் சிவந்ததிலிருந்து அவளுக்கே இது தெரியாது என்று எனக்குப் புரிந்தது. கொத்தனார் கை எப்படியிருக்கும், குழந்தையின் கை எப்படியிருக்கும், ஒரு கலைஞர் அதையல்லவா பார்க்க வேண்டும் என்று அவர் மெதுவாகத்தான் சொன்னார். பிறகு வழக்கமான கேள்வியைக் கேட்டார்கள். இந்த வேலைக்கு எப்படி வந்தீர்கள்? அக்கா வாயைத் திறந்தாள், மூடினாள். நான் சொல்ல எழுந்தேன். அவங்க சொல்லட்டும் என்று கையமர்த்திவிட்டார் அந்த அம்மா. கடைசியில் பத்து நாள் கொடுத்தார்கள். இன்னும் ஒரு கை கொண்டுவர வேண்டும். இந்தக் கேள்விக்குப் பதிலும் கொண்டுவர வேண்டும்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் அந்தப் புத்தகக்காரரைக் கரித்துக்கொட்டினேன். அக்கா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். மறுநாள் அவள் வீட்டில் இருந்த எல்லாக் கைகளையும் நானே போய் அளந்தேன். தையல்காரிக்கு நாடா பொய் சொல்லாது. நாற்பத்திரண்டு கைகள். நாற்பத்திரண்டும் ஒரே கோணம். குடை மாட்டிய கைகூட.

"ஏன்க்கா இப்படிப் பண்ணினே?" என்று கேட்டேன்.

"கட்டுப் போடறப்ப அப்படித்தான் வைக்கணும்" என்றாள். அவள் கை தானாகக் காற்றில் அந்த நிலைக்கு வந்து நின்றது. "டம்ளரைப் பிடிச்சிருக்கற மாதிரி. அப்படி வச்சா, நாளைக்கு கை அப்படியே விறைச்சுப் போனாலும் ஒரு டம்ளரையாவது பிடிக்கலாம்."

இருபத்தேழு வருடம் ஒரு நாளைக்கு இருபது கை என்று அந்தக் கோணத்தில் வைத்து வைத்து, அது அவள் உள்ளங்கையில் ஊறிவிட்டது. எந்த மாவைத் தொட்டாலும் அந்தக் கோணத்துக்கே போயிற்று. இதைப் போய் அவர்களிடம் சொல்லு என்று குதித்தேன். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். இன்னும் ஏதோ இருக்கிறது, சொல்ல மாட்டாள் என்று அந்த முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

அத்தானிடம் கெஞ்சி, மொட்டை மாடியில் மட்டும், வாளித் தண்ணீரைச் செடிக்கும் ஊற்றாமல் குழாயிலும் ஊற்றாமல், பத்து நாள் அனுமதி வாங்கிக் கொடுத்தேன். அக்கா முஷ்டி செய்தாள். சுட்டும் விரல் செய்தாள். டாட்டா காட்டும் கை செய்தாள். எல்லாவற்றிலும் தோல் உயிரோடு இருந்தது, கை செத்துக்கிடந்தது. "கூட்டத்துல பேசறவங்க கை மாதிரி இருக்கு" என்றேன். வழக்கம்போல அவளுக்குக் கோபம் வரவில்லை. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

ஏழாம் நாள் வேலை முடிந்து நேராக என் கடைக்கு வந்தாள். வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து நான் துணியில் கோடு போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்டுவது இடது கை என்றாலும் கோடு போடுவது இன்னும் வலது கைதான். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தையல் சாக்பீஸைப் பிடித்து, நடு விரலால் தாங்கிக்கொள்வேன். மற்ற இரண்டும் துணிமேல் நேராக நீட்டிக்கொண்டு கூடவே வரும்.

"உன் கையைக் குடு. அச்சு எடுக்கணும்" என்றாள்.

எனக்குச் சுரீரென்று வந்தது. ஊருக்குக் காட்ட என் நொண்டிக் கைதான் கிடைத்ததா, போய் வேறு யார் கையையாவது எடு என்று வாடிக்கையாளர்கள் காதில் விழும்படி கத்தினேன். அவள் எழுந்து போகவில்லை. கத்தி முடியும்வரை காத்திருந்தாள். கடையை அடைக்கும் நேரம் வந்தும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். இவள் பிடிவாதம் இப்படியும் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் நான்தான் இறங்கி வந்தேன்.

மறுநாள் காலை மாடியில் என் கைக்கு எண்ணெய் தடவி, சாக்பீஸைப் பிடிக்க வைத்து, மேலே மாவைப் பூசினாள். மாவு இறுகும்போது சூடாகும். அந்தச் சூடு ஏறியதும் நாற்பது வருடம் பின்னால் போய்விட்டேன். அதே சூடு, அதே ஈர வாசனை, உயரத்தில் ஒரு ஜன்னல், அந்தக் கட்டுக்காரனின் முழங்கை. அதற்கு மேல் எதுவும் நினைவில் இல்லை. பழக்கதோஷத்தில் அவனைத் திட்டினேன். அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை. ஓட்டைப் பிரித்தெடுத்து, இரண்டு நாள் அந்த அச்சோடும் கத்தியோடும் மாடியிலேயே கிடந்தாள்.

பத்தாம் நாள் அதே அறை, அதே மூன்று பேர். பெட்டியிலிருந்து அவள் என் கையை எடுத்து வைத்தாள். நானும் அப்போதுதான் முழுதாகப் பார்க்கிறேன். ஊசி குத்திய தழும்புகள், ஊசி குத்தாமல் விரலில் மாட்டும் அங்குஸ்தான் பதிந்த வளையம், சாக்பீஸைப் பிடித்த மூன்று விரல்களின் கெட்டித்தனம். கூடவே நீட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு விரல்கள். அசிங்கம் என்று நான் ஒளித்துவைத்திருந்த கை அது. மேஜைமேல் அது வேலை செய்துகொண்டிருந்தது. இரண்டு விரல்களின் உதவி இல்லாமலே இவ்வளவு செய்திருக்கிறேனா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

புத்தகம் கட்டுகிறவர் இந்த முறை நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். யார் கை என்று கேட்டார். அக்கா என்னைக் காட்டினாள். நான் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த கையை வெளியே எடுத்தேன்.

எப்படி வந்தீர்கள் என்று அவர் திரும்பக் கேட்க வேண்டியிருக்கவில்லை. அக்கா மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"இவளுக்குப் பதினோரு வயசு. எனக்குப் பதினாலு. கட்டுப் போட்டவருக்கு ஒத்தாசைக்கு ஆள் இல்ல. காயற வரைக்கும் விரலெல்லாம் நேரா இருக்கணும், அழுத்திப் பிடிச்சுக்கோன்னு என்கிட்ட சொன்னார். நான்தான் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்." மேஜைமேல் இருந்த கையை நேராக்கி வைத்தாள். "அதனாலதான் அந்த வேலைக்குப் போனேன். வர்ற கையையாவது சரியா வைக்கணும்னு. இதுவும் அந்த வேலைதான் சார். வேற எப்படியும் எனக்கு வைக்க வரல."

நாற்பது வருடத்தில் அவள் சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. அவன் நாசமாய்ப் போக, அவன் கை விளங்காமல் போக என்று அவள் எதிரிலேயே எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அவள் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள்.

புத்தகம் கட்டுகிறவர் எழுந்து, ஓரத்தில் நாங்கள் போன முறை விட்டுப்போயிருந்த ஐந்து கைகளையும் ஒவ்வொன்றாக எடுத்துவந்தார். என் கையை நடுவில் வைத்து, மற்றவற்றைச் சுற்றி வைத்தார். நடுவில் இரண்டு விரல் நேராக விறைத்த கை. சுற்றிலும் டம்ளர் பிடிக்கத் தயாராக ஐந்து கைகள். அவர் வெகுநேரம் பார்த்தார். "தப்பா சொல்லிட்டேம்மா. இதை மாத்தாதீங்க" என்றார். மண்பாண்டத்து அம்மா இழுப்பறையைத் திறந்து, ஒரு சாவியையும் எழுதப்படாத ஒரு சின்னப் பலகையையும் அக்கா பக்கம் தள்ளினார்.

பேருந்தில் இரண்டு பேருக்கும் சேர்ந்து இடம் கிடைத்தது. பலகை அவள் மடியில் இருந்தது. பாதி வழி தாண்டியதும் கேட்டேன்.

"பதினாலு வயசுல உனக்கு என்னக்கா தெரியும்? பெரியவங்க சொன்னதைத்தானே செஞ்சே?"

"உன் விரல் மடங்கப் பார்த்துச்சு" என்றாள் அக்கா. "என் கைக்கு நல்லாத் தெரிஞ்சுது. ஆனாலும் அழுத்தினேன்."

நான் வலது கையை நீட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மூன்று விரல்கள் மடங்கின. இரண்டு வழக்கம்போல நேராக நின்றன. அவள் தன் கையைக் கொஞ்சம் வளைத்து, அந்த இரண்டுக்கும் இடம் விட்டு, சரியாக வைத்துக்கொண்டாள்.